கோர்ட், ஸ்டேஷன், சிறை: பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. குற்றவியலும் சமூகப்பணியும் படிப்பவர்களுக்கும் களப்பயிற்சி உண்டு. இப்படிப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் சிறார்கள் வைக்கப்படும் கூர்நோக்கு இல்லத்துக்கும் வருகிறார்கள். கிரிமினல் பக்கம் வேலை பார்க்கும் வழக்கறிஞன் என்ற முறையில் அவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நன்றாகக் கற்றுக்கொண்டு போகிறவருக்கும் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் புத்திசாலித்தனத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது வாய் திறக்காமல் இருப்பது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நீங்கள் சந்திக்கும் மனிதர்களில் ஒருவர்கூட விரும்பி வந்தவர் இல்லை. கைதானவர், அவருடைய மனைவி, அடிபட்டவர், சம்மன் வந்ததால் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் சாட்சி, எல்லோரும் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். நீங்கள் பாடம் படிக்கும் அந்த நாள் அவர்கள் வாழ்க்கையிலேயே மோசமான நாளாக இருக்கலாம். உங்கள் படிப்புக்காக அவர்கள் எதையும் இழந்துவிடக் கூடாது. கீழே சொல்பவை எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

போவதற்கு முன்

பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் படித்துக்கொண்டு போங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமும் வந்துவிட்டன. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். ஒரே மேஜையில் இரண்டு வகைக் கட்டுகளும் கிடக்கும். தமிழ்நாட்டில் ஒரு தெருச் சண்டை வழக்கு என்றால் 294(பி), 323, 324, 506(2) என்று எழுதியே பழகிய ஸ்டேஷன்கள் இன்று 296(பி), 115(2), 118(1), 351(3) என்று எழுதுகின்றன. பழைய ஏட்டுகளும் மூத்த வழக்கறிஞர்களும் வாயால் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள். ஒரு தாளில் இரண்டையும் எதிரெதிரே எழுதி நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கோர்ட்டில் புழங்கும் பேச்சுக்கும் பழகிக்கொள்ளுங்கள். பாடப்புத்தகம் குற்றம் சாட்டப்பட்டவர் என்று சொல்பவரைக் கீழமை நீதிமன்றத் தீர்ப்புகள் எதிரி என்று எழுதும். அ.சா.1 என்றால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி. சா.பொ. என்றால் சான்றுப் பொருள். முதலில் சொன்னதை மாற்றிச் சொல்பவர் பிறழ் சாட்சி. வேறு வழக்கில் சிறையில் இருப்பவரைக் கோர்ட்டுக்கு வரவழைக்கப் போடுவது பி.டி. வாரண்ட். இவை தெரியாமல் உட்கார்ந்திருந்தால் முதல் வாரம் வீணாகும்.

கறுப்புக் கோட்டு போடலாம். கழுத்துப் பட்டையும் கவுனும் கூடாது. அவை பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு உரியவை. கோர்ட்டுக்கு வந்திருக்கும் ஏழை மனிதருக்கு இந்த வேறுபாடு தெரியாது, கோட்டைப் பார்த்தே உங்களை வக்கீல் என்று நம்பிவிடுவார். அதனால் யாரிடம் பேசத் தொடங்கினாலும் முதல் வாக்கியம் "நான் படிக்கிற மாணவன்" அல்லது "மாணவி" என்பதாக இருக்கட்டும்.

சிறைக்குள் போகச் சிறைத்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். கல்லூரிக் கடிதத்தோடு வாசலில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். அனுமதி வரத் தாமதமாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கோர்ட்டில்

ஒரே கோர்ட்டில் முழு நாள் உட்காருங்கள். மாணவர்கள் கொலை வழக்கின் குறுக்கு விசாரணையைத் தேடி செஷன்ஸ் கோர்ட்டுக்கும், பிரபலமான வழக்கைத் தேடி மாடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வரிசையாக வழக்குகள் கூப்பிடப்படும் ஒரு மணி நேரத்தில் இந்த நாட்டின் நீதி அமைப்பு எப்படி ஓடுகிறது என்பது தெரியும். வாய்தா எதற்காகத் தரப்படுகிறது என்று ஒவ்வொரு வழக்குக்கும் குறித்து வாருங்கள். சாட்சி வரவில்லை, எஸ்கார்ட் போலீஸ் கிடைக்கவில்லை, தடய அறிவியல் அறிக்கை வரவில்லை, வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், நகல் தரப்படவில்லை. ஒரு வாரம் இப்படிக் குறித்தால் தாமதம் எங்கே பிறக்கிறது என்று எந்தக் கட்டுரையையும் விடத் தெளிவாகப் புரியும்.

பெஞ்ச் கிளார்க், கோர்ட் போலீஸ், சீனியரின் குமாஸ்தா ஆகிய மூவரிடமும் மரியாதையாகப் பழகி அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மனு எந்த மேஜையில் கிடக்கிறது, ஜாமீன் உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர என்னென்ன கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு வேலை நெருக்கும் நேரம் காலை 10 முதல் 11.30 வரை. அப்போது கேள்வி கேட்காதீர்கள்.

ரிமாண்ட் நடக்கும்போது கோர்ட்டை விட்டுப் போகாதீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் மாலையில், கோர்ட் கலையும் நேரத்தில், சில சமயம் மாஜிஸ்திரேட் வீட்டில் இது நடக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாணவர்கள் அதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மனிதர் போலீஸ் கையிலிருந்து நீதிமன்றத்தின் பொறுப்புக்கு மாறும் நேரம் அதுதான். உடம்பில் காயம் இருக்கிறதா, கைதுக்கான காரணம் சொல்லப்பட்டதா, உறவினருக்குத் தகவல் போனதா, வழக்கறிஞர் உண்டா என்று கேட்பதற்கு அதுதான் இடம். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைது நடைமுறைக்கு விதிகள் வகுத்தது 1996 டிசம்பரில். காரணத்தைச் சொல்லாமல் செய்யும் கைது அரசியல் சாசனத்தின் 22(1) பிரிவை மீறுவது, அந்தக் கைது செல்லாது என்று விகான் குமார் வழக்கில் மறுபடியும் சொன்னது 2025 பிப்ரவரியில். இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், மாஜிஸ்திரேட்டால் ரிமாண்ட் செய்யப்பட்டார்கள், கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். காவல் நிலையத்தில் அடித்த அடிதான் சாவுக்குக் காரணம் என்று சிபிஐ கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மருத்துவமனை, கோர்ட், சிறை வாசல் என்று அவர்கள் கடந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு அதிகாரி பார்க்க வேண்டியதும், கேட்க வேண்டியதும், எழுத வேண்டியதும் இருந்தது. நாளைக்கு அந்த மூன்று இடங்களில் ஒன்றில் நீங்கள் டாக்டருக்கு எதிரில் வழக்கறிஞராகவோ, மேடையில் மாஜிஸ்திரேட்டாகவோ, சிறையில் நன்னடத்தை அலுவலராகவோ இருக்கலாம். ரிமாண்டைப் பார்க்காமல் பயிற்சியை முடிக்காதீர்கள்.

நாட்களை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாளிலும், மற்றவற்றில் 60 நாளிலும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த மனுவைக் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் போட்டாக வேண்டும். வந்துவிட்டால் உரிமை போய்விடும். உங்கள் சீனியரின் வழக்குகளில் சிறையில் இருப்பவர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் 60ஆம் நாளும் 90ஆம் நாளும் என்று வருகிறது எனக் குறித்துக் கொடுங்கள். ஒரு மாணவர் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஆள் வெளியே வராமல் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு பிணைதாரர், அதில் ஒருவர் ரத்த உறவு, வீட்டு வரி ரசீது, விஏஓ சான்று என்று கேட்கும்போது, வேற்று மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் எங்கே போவார்? ஏழு நாளில் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளியே வந்தவருக்கும் "தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்ற நிபந்தனை இருக்கும். அந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த வேலைக்குப் போக முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நிபந்தனையைத் தளர்த்தும் மனு எப்படி எழுதுவது என்று சீனியரிடம் கேளுங்கள்.

கோர்ட்டில் செய்யக்கூடாதவை:

- வராந்தாவில் சாட்சியோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, சாட்சியைக் கலைத்ததாக ஆகும். பெரும்பாலான கோர்ட்டுகளில் அடிபட்டவரின் குடும்பமும் எதிரியின் குடும்பமும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும்.
- ரகசிய விசாரணை நடக்கும் வழக்கில் உள்ளே இருக்க அனுமதி கேட்காதீர்கள். போக்சோ வழக்கில் ஒரு குழந்தை சாட்சி சொல்லும்போது அறையில் ஓர் ஆள் குறைவதே அந்தக் குழந்தைக்கு உதவி.
- படம், ஒலிப்பதிவு எதுவும் கூடாது.
- யாருக்கும் ஜாமீன் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு தாய் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "எம் புள்ள எப்பப்பா வெளிய வருவான்?" என்று கேட்பார். "அம்மா, நான் படிக்கிற பையன், அதச் சொல்ற இடத்துல நான் இல்ல. வாங்க, வக்கீல் சார்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வாய்தா தேதியைச் செல்போனில் பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் தெரியும். அதற்காக யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

வழக்குக் கட்டைப் படிக்கும்போது

முடிந்துபோன ஒரு செஷன்ஸ் வழக்கின் கட்டைக் கேட்டு வாங்கி, கதை படிப்பது போலப் படிக்காமல், தேதியும் நேரமும் மட்டும் தனித்தாளில் எழுதிப் படியுங்கள். சம்பவம் எத்தனை மணிக்கு? புகார் எத்தனை மணிக்கு? எஃப்ஐஆர் மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை மணிக்கு? அவர் அதில் நேரம் குறித்துக் கையெழுத்திட்டிருப்பார். பக்கத்துத் தெருவில் இருக்கும் கோர்ட்டுக்கு எஃப்ஐஆர் போய்ச் சேர அடுத்த நாள் மாலை ஆகியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். போலீஸ் பதிவு செய்த சாட்சி வாக்குமூலங்களில் போட்டிருக்கும் தேதி ஒன்று, அவை கோர்ட்டுக்கு வந்த தேதி வேறாக இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், கோர்ட்டில் எல்லோரும் ஏஆர் காப்பி என்பது. அடிபட்டவர் வந்து சேர்ந்தவுடன், போலீஸ் எழுதுவதற்கு முன்பே, டியூட்டி டாக்டர் கேட்டு எழுதியது அதில் இருக்கும்: யார் கூட்டி வந்தார், எத்தனை பேர் தாக்கினார்கள், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எந்த ஆயுதம். ஏஆர் காப்பியில் "தெரியாத மூன்று பேர்" என்றிருந்து எஃப்ஐஆரில் ஐந்து பேரின் பெயர் தகப்பன் பெயரோடு இருந்தால், அந்த வழக்கின் விசாரணை முழுவதும் அந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கும். உண்மையிலேயே அடிபட்டவர் மயக்கத்தில் இருந்ததால், கூட வந்தவர் தெரியாமல் சொல்லியிருக்கவும் கூடும். இரு பக்கமும் யோசித்துப் பார்ப்பதுதான் பயிற்சி.

ஒப்புதல் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கட்டில் மிகவும் கோர்வையாக எழுதப்பட்டிருக்கும் பகுதி அதுதான். விஏஓவும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். போலீஸிடம் தந்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்க முடியாது. அதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். செய்தித்தாளில் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று படித்துப் பழகிய நமக்கு இந்த விதியைத் தலையில் ஏற்றிக்கொள்ள நாளாகும்.

காவல் நிலையத்தில்

ஒரே ஒரு புகாரை முதலிலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள். தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் மனு கொடுத்தவுடன் சிஎஸ்ஆர் ரசீது தரும் பழக்கம் இருக்கிறது. அந்த மனு எஃப்ஐஆர் ஆகிறதா, சமரசமாக முடிகிறதா, அப்படியே கிடக்கிறதா? கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். புதிய நடைமுறைச் சட்டம் மூன்று முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணைக்கு இடம் கொடுத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண ஆள் கொடுத்த மனு எங்கே நிற்கிறது என்பதை நேரில் பார்க்க மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு வேறு யாருக்கும் கிடைக்காது. அனைத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றிலும் ஒரு நாள் இருக்கப் பாருங்கள். தமிழ்நாட்டின் முதல் மகளிர் நிலையம் 1992இல் ஆயிரம் விளக்கில் வந்தது. குடும்ப வன்முறைப் புகாரோடு வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு யார் யாரை ஸ்டேஷனுக்கே வரச் சொல்லலாம் என்பதையும் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்தவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் இருக்கும் இடத்தை விட்டு வரச் சொல்லக் கூடாது.

எந்த மகஜரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இது மிகவும் முக்கியம். "தம்பி, இங்க ஒரு கையெழுத்து போடுப்பா, சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று ரைட்டர் அன்பாகவே கேட்கலாம். படித்த பிள்ளை, பக்கத்தில் இருக்கிறார், உள்ளூர்க்காரர்கள் சாட்சிக்கு வரத் தயங்குகிறார்கள். போட்டுவிட்டால் நீங்கள் அந்த வழக்கின் சாட்சி. சில ஆண்டுகள் கழித்து சம்மன் வரும், கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்றோ, பார்க்காமலே கையெழுத்திட்டேன் என்றோ சொல்ல வேண்டியிருக்கும். "காலேஜ்ல அனுமதி இல்ல சார்" என்று பணிவாக மறுத்துவிடுங்கள். கைப்பற்றிய பொருளைத் தொடவும் வேண்டாம், கைதுக்குப் போகும் ஜீப்பில் ஏறவும் வேண்டாம்.

அங்கே பேசப்படும் பேச்சை உங்கள் நாக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிடித்து உட்கார வைத்திருப்பவரை எல்லோரும் ஒருமையில் அழைப்பார்கள். நீங்கள் அழைக்க வேண்டாம், நோட்டிலும் "அவர்" என்றே எழுதுங்கள்.

ஒருவர் அடிக்கப்படுவதைக் கண்ணால் கண்டால்? இந்தக் கேள்வியைப் பயிற்சிக்கு முன் கல்லூரியில் யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். அங்கேயே தனியாக நின்று சண்டைக்குப் போக நான் சொல்லமாட்டேன். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தவுடன் தேதி, நேரம், இடம், கண்டது ஆகியவற்றை எழுதுங்கள். அன்றைக்கே உங்கள் பொறுப்பாசிரியருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் தெரிவியுங்கள். காவல் நிலையங்களில் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தகவல் உடனே போனால்தான் பதிவைப் பாதுகாக்கச் சொல்ல முடியும். சாத்தான்குளம் வழக்கில் உண்மையைச் சொன்னவர்களில் ஒருவர் அந்த ஸ்டேஷனிலேயே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர். அவருக்கு இருந்த ஆபத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மாணவருக்கு இல்லை.

சிறையில்

2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75.8. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களே பெரும்பான்மை என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

"என்ன கேஸ்?" என்று கேட்காதீர்கள். "நீங்க செஞ்சீங்களா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பதில் உங்களுக்குத் தேவையில்லை, பக்கத்தில் காவலர் நிற்கிறார். அதற்குப் பதிலாக: வழக்கறிஞர் இருக்கிறாரா, கடைசியாக எப்போது கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள், மனு போட்டுப் பார்க்க வீட்டிலிருந்து யாராவது வருகிறார்களா, எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார். இந்த நான்கு கேள்விகளின் பதிலைக் கொண்டு சட்ட உதவி மையம் ஏதாவது செய்ய முடியும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால், மற்றவர்கள் பாதியைக் கழித்துவிட்டால், ஜாமீனுக்குத் தகுதி பெறுவார்கள் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு. மரணமோ ஆயுளோ தண்டனையாக உள்ள குற்றங்களுக்கு இது பொருந்தாது, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் தடை உண்டு. சட்டம் வருவதற்கு முந்தைய வழக்குகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு விதி பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தகுதி வந்ததே தெரியாமல் உள்ளே இருப்பவர்கள் உண்டு.

உள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டும் வெளியே கொண்டுவராதீர்கள், வெளியிலிருந்து ஒரு பீடியும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். "என் அக்காவுக்கு ஒரு போன் மட்டும் பண்ணிச் சொல்லிடுங்க" என்று கேட்பவரைப் பார்த்தால் மனம் இளகும். 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு விதியை மீறிப் பொருள் கடத்துவதையும் தொடர்புகொள்வதையும் தண்டிக்கிறது. அதோடு அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். அவர் சொன்னதை அங்கேயே இருக்கும் நல அலுவலரிடமோ சட்ட உதவி மையத்தின் சட்டத் தன்னார்வலரிடமோ சொல்லுங்கள்.

ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, சாதியைத் தெரிந்துகொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். சாதி பார்த்துக் கைதிகளைப் பிரிப்பதும் வேலை ஒதுக்குவதும் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. தமிழ்நாட்டில் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் அதைப் படித்திருக்க வேண்டும்.

சிறார்களிடம்

இந்திய மாகாணங்களில் சிறாருக்கென முதலில் சட்டம் செய்தது சென்னை மாகாணம், 1920இல். இன்றைய 2015ஆம் ஆண்டுச் சட்டம், கைது, குற்றப்பத்திரிகை போன்ற சொற்களைக்கூடச் சிறார் விஷயத்தில் தவிர்க்கச் சொல்கிறது. இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்காருகிறார்கள், அவர்களில் ஒருவராவது பெண். நன்னடத்தை அலுவலரோடு ஒரு சிறுவனின் வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். பள்ளியை எப்போது நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அறிவுரை சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருக்கிறது. செல்ஃபி எடுக்காதீர்கள், முகத்தை மறைத்துக்கூட. திரும்ப வருவேன் என்று சொல்லாதீர்கள், நிச்சயமாக வரமுடியும் என்றால் ஒழிய.

எழுதும்போது

நாள்தோறும் எழுதுங்கள், பெயர் எழுதாதீர்கள். சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை. பெயரை விட்டுவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் ஆகியவற்றை எழுதினாலும் அடையாளம் தெரிந்துவிடும். 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது. கல்லூரிக்குத் தரும் அறிக்கைக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இன்றைக்கு ஒரு கொலைக் கைதியைப் பார்த்தேன்" என்று போடுவது சட்டத்துக்கு முன்பே மனிதத்தன்மைக்கு எதிரானது. சீனியரின் அறையில் கட்சிக்காரர் சொன்னதை வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் புகைப்படங்களோ ஒரு குழந்தையின் வாக்குமூலமோ சில நாள் தூக்கத்தைக் கெடுக்கும். அது இயல்பு. பெயர் சொல்லாமல் பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

பயிற்சி முடிந்த பிறகு

சட்ட மாணவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். சிறையில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பது 1987ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இது தெரியாமல், இருக்கும் தோட்டை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டும் குடும்பங்களை நீங்கள் பயிற்சியின்போது பார்த்திருப்பீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் பெரும்பாலும் நீங்கள் பயிற்சி எடுத்த அதே கோர்ட் வளாகத்துக்குள்தான் இருக்கும். சான்றிதழ் வாங்கும் அன்றே அங்கே போய்த் தன்னார்வலருக்கான விண்ணப்பத்தைக் கேட்டு, நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.